மூன்றாவது ஓலை

ஆர்கைல் ரோடு, பினாங்கு
14 மே 1928

மரியாதைக்குரிய ஷேக் அலாவுதீன் பாய் அவர்களுக்கு,

உங்களுக்கு என்னைத் தெரியாது. நீங்கள் துப்பறிகிறவர் என்று கேள்விப்பட்டு, சூலியா ஸ்திரீட்டில் உங்கள் அறைக்கு இரண்டு முறை வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காஜா மொய்தீன், "அவரு ஈப்போவுலல்ல இருக்காரு, ஒரு கேஸ் விஷயமா. வர ஒரு மாசம் ஆவும்" என்று சொல்லி இந்த முகவரியைக் கொடுத்தார். ஒரு மாதம் காத்திருக்க எனக்கு நேரமில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் அமலம்மாள். வருகிற ஜூன் முப்பதாம் தேதி எனக்கு முப்பது வயது முடிகிறது. இந்தத் தேதியை மறக்காதீர்கள். சிங்கப்பூர்ப் பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிப் படிப்புக்கு முப்பது முடிந்தவர்களைச் சேர்க்க மாட்டார்கள். எனக்குப் பிப்ரவரியிலேயே இடம் கிடைத்தது. அதை நானே வேண்டாம் என்று எழுதினேன். எதற்காக என்பதுதான் வழக்கு.

நான் அண்ணன் செபாஸ்டியன் வீட்டில் இருக்கிறேன். அவர் துறைமுகச் சரக்குக் கிட்டங்கியில் கிளார்க்கு, மாதா கோவிலில் பாடகர் குழுவுக்குத் தலைவர். அண்ணி ஐந்து வருஷத்துக்கு முன் கடைசிப் பிள்ளை ரேமண்டைப் பெற்ற அன்றே போய்விட்டாள். பிரசவம் பார்க்கத் தெரிந்தவர்கள் யாரும் வீட்டில் இல்லை. நான் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அன்றே முடிவு செய்தேன், இதைக் கற்றுக்கொள்வது என்று. அண்ணனின் நாலு பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டே, காலை வேளைகளில் ஒரு பிரசவ விடுதியில் எடுபிடி வேலை செய்து, அங்கிருந்த டாக்டரம்மாவின் சிபாரிசில் அந்த இடத்தை வாங்கினேன்.

அண்ணன் பத்து நாள் கத்தினார். பிறகு திடீரென்று அடங்கிவிட்டார். மார்ச்சில் ஒரு மாப்பிள்ளையைக் கூட்டி வந்தார். பெயர் வில்லியம், தைப்பிங் பக்கம் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரஸ்ஸர் என்றார். எனக்கும் பிடித்திருந்தது. அதை எழுத எனக்கு வெட்கமில்லை. அவர் போட்ட ஒரே நிபந்தனை, தன் மனைவி வேலைக்குப் போகக் கூடாது என்பது. நான் சிங்கப்பூருக்கு மறுத்து எழுதினேன்.

எங்கள் கோவிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் ஓலை வாசிப்பார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று எல்லோர் முன்னாலும் பெயரைச் சொல்லுவார். ஏப்ரல் 15 ஓர் ஓலை, 22 இரண்டாம் ஓலை. 26-ஆம் தேதி, கல்யாணமாகாதவர் என்ற சான்றுக் கடிதத்தைத் தைப்பிங் பங்குக் கோவிலிலிருந்து வாங்கி வருவதாகச் சொல்லி, வில்லியம் அக்கரையில் பிறை ஸ்டேஷனுக்கு ரயிலேறப் போனார். போனவர் போனவர்தான்.

சிங்கப்பூர் ஆஸ்பத்திரித் தலைமை நர்ஸ் மேட்ரனுக்கு மறுபடி எழுதினேன். நல்ல அம்மாள். ஜூன் முடிவதற்குள் வா, ஆனால் நீ யாருக்கும் நிச்சயிக்கப்படாதவள் என்று உன் சாமியார் எழுதித் தர வேண்டும் என்கிறார். எங்கள் சாமியாரோ, "ரெண்டு ஓலை வாசிச்சாச்சு பிள்ளே. அவன் நாளைக்கு வந்து நின்னா நான் என்ன சொல்றது?" என்கிறார். கல்யாணமும் இல்லை, படிப்பும் இல்லை, அந்தரத்தில் தொங்குகிறேன். அவர் ஏன் போனார் என்று தெரிந்தால்தான் எனக்கு விடுதலை. கண்டுபிடித்துத் தாருங்கள்.

அண்ணனுக்கு இது தெரியாது. தெரிந்தால் மானம் போச்சு என்பார். பதிலை என் சிநேகிதி ஆலிஸ் டீச்சர் முகவரிக்கு அனுப்புங்கள், கீழே கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அமலம்மாள்


ஈப்போ
18 மே 1928

தங்கச்சி அமலம்மாளுக்கு,

கடிதம் கிடைத்தது. போலீசில் இருபத்திரண்டு வருஷம் துப்புத் துலக்கியவன் நான். காணாமல் போகிற மாப்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஊரில் ஒரு பெண்டாட்டி இருப்பாள், மீதிப் பேர் பயந்தாங்கொள்ளிகள். உன் ஆள் எந்தப் பாதி என்று பார்ப்போம்.

தைப்பிங்கில் எனக்கு வேண்டியவர் ஒருவர் இருக்கிறார், சீனி முகம்மது. தந்தி கொடுத்துக் கேட்டேன். அந்த வட்டாரத்தில் எந்த எஸ்டேட் ஆஸ்பத்திரியிலும் அப்படி ஒரு டிரஸ்ஸர் இல்லை. ஆகவே ஆள் பொய். இனி அவன் சொன்னது எதுவும் எனக்கு வேண்டாம். அவன் வாயை மறந்துவிட்டுக் கைகளை நினைத்துப் பார். என்ன தெரிந்த கை, என்ன தெரியாத கை? வாய் எதை வேண்டுமானாலும் சொல்லும். பழகிய வேலையைக் கையால் மறைக்க முடியாது.

இன்னொன்று. உன் அண்ணன் பார்த்த மாப்பிள்ளை என்கிறாய். அவருக்கு எப்படிப் பழக்கம்? கேட்டாயா?

மனதைத் தளரவிடாதே. உன் எழுத்தைப் பார்த்தால் தளருகிற ஆளாகவும் தெரியவில்லை.

ஷேக் அலாவுதீன்


பினாங்கு
21 மே 1928

அலாவுதீன் பாய்க்கு,

டிரஸ்ஸர் இல்லை என்பது எனக்கே தெரிந்திருக்க வேண்டும். என் தலையில் நானே குட்டிக்கொள்கிறேன். ஒரு நாள் பலாப்பழம் அரிந்தபோது விரலை வெட்டிக்கொண்டார். நல்ல ரத்தம். டிரஸ்ஸர் என்றால் என்ன செய்திருக்க வேண்டும்? கையைத் தூக்கிப் பிடித்து, அழுத்தியிருக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு "அக்கா, அக்கா" என்று அலறினார். கட்டுப் போட்டது நான். கட்டிக்கொள்ளப் போகிறவளை அக்கா என்கிறாரே என்று வீட்டில் எல்லோரும் சிரித்தோம். சிரித்த நேரத்தில் யோசித்திருக்கலாம்.

தெரிந்த கை என்று கேட்டால், ஒன்று சொல்லுகிறேன். அண்ணன் மகள் ரீட்டாவுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூட விழாவுக்கு முதல்முதலாகச் சேலை கட்டினாள். நானும் ஆலிஸும் கட்டிக் கட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தோம், வழுக்கும் பட்டு, நிற்கவே இல்லை. வில்லியம் கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "இங்க குடு" என்று வந்தார். முந்தானைப் பக்கத்தை ரீட்டாவின் தோளில் போட்டு, மறு கையால் கொசுவத்தை மடித்தார் பாருங்கள், ஏழு மடிப்பு, ஒரே அகலம், நாம் மூச்சு விடுவதற்குள் முடிந்துவிட்டது. "அக்கா தங்கச்சி நெறைய பேரோட பொறந்தவன்" என்று சொல்லிச் சமாளித்தார். அப்புறம் அவருடைய புருவம். வண்ணான் மடித்த துணிபோல் ஓரம் சீராக இருக்கும். காது இரண்டிலும் துளை. உட்காரும்போது வேட்டியைப் பின்னால் ஒரு கையால் சேர்த்துக்கொண்டு உட்காருவார்.

அண்ணனிடம் கேட்டேன். "கிட்டங்கிக்கு வந்து போற ஆளு மூலமா தெரியும்" என்றார். அதற்கு மேல் கேட்டால் அழுகிறார். உண்மையில் என்னைவிட அவர்தான் அதிகம் அழுதார். அதைப் பார்த்து நான் அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

இன்னும் நாற்பது நாள் இருக்கிறது.

அமலம்மாள்


ஈப்போ
2 ஜூன் 1928

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ கேட்ட காரியத்தை விசாரித்து முடித்துவிட்டேன். அந்த வில்லியம் என்பவன் ஏப்ரல் மாதமே ரங்கூனுக்குக் கப்பலேறிவிட்டான். அங்கே அவனுக்குக் குடும்பம் இருப்பதாகக் கேள்வி. இனி அவனைத் தேடிப் பயனில்லை. தேடினால் உன் பெயர்தான் கெடும்.

மூத்தவனாக ஒரு வார்த்தை சொல்லுகிறேன். நடந்ததை மறந்துவிடு. உன் அண்ணனின் பிள்ளைகளுக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? தாயில்லாப் பிள்ளைகளை வளர்ப்பதும் புண்ணியம்தான். அல்லாஹ் அதற்கு உனக்கு நற்கூலி தருவான். எனக்கு நீ பணம் எதுவும் தர வேண்டாம்.

உன் நலம் விரும்பும்,
ஷேக் அலாவுதீன்


பினாங்கு
5 ஜூன் 1928

திருவாளர் ஷேக் அலாவுதீனுக்கு,

இனிமேல் என்னைத் தங்கச்சி என்று எழுதாதீர்கள். எனக்கு ஏற்கெனவே ஓர் அண்ணன் இருக்கிறார், அதுவே அதிகம்.

உங்கள் கடிதம் நேற்றுச் சாயங்காலம் ஆலிஸ் வீட்டுக்கு வந்தது. உறை ஒட்டியபடி இன்று மத்தியானம் வரை அவள் பெட்டியில் இருந்தது. நேற்று ராத்திரிச் சாப்பாட்டில் என் அண்ணன், மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொல்லுகிறார்: "அவன் ரங்கூனுக்குப் போயிட்டானாமே அமலு. போறான் விடு. அவன் நமக்கு வேணாம்." நான் இன்னும் பிரிக்காத கடிதத்தில் இருப்பதை அவர் எப்படிப் படித்தார், ஐயா? நீங்கள் எனக்கு எழுதும் முன்னால் அவரோடு பேசியிருக்கிறீர்கள்.

போன மாதம் இருபத்தேழாம் தேதி பெந்தெகொஸ்துத் திருநாள். எனக்கு நினைவு தெரிந்து அண்ணன் அந்தப் பூசைக்குப் பாடாமல் இருந்ததில்லை. இந்த வருஷம், புக்கிட் மெர்தாஜாமில் கூட்டாளிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு முதல் ரயிலுக்குப் போனார். கூட்டாளி ஈப்போவில் இருந்திருக்கிறார் போலும்.

இதையெல்லாம் உங்கள் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அடுக்கிப் பார்த்தேன். பிறகு நேராகச் சாமியாரிடம் போனேன். வில்லியத்தின் சான்றுக் கடிதம் கையில் இல்லாமலே இரண்டு ஓலை எப்படி வாசித்தீர்கள் என்று கேட்டேன். "உங்க அண்ணன்தான் தைப்பிங்குக்கு எழுதிக் கேட்டாச்சுன்னு சொன்னாரு. அவரு பேச்ச நம்பாம வேற யாரு பேச்ச நம்புறது?" என்றார். அதோடு, மூன்றாம் ஓலைக்கு முன் கடிதம் கையில் இல்லாவிட்டால் வாசிக்க மாட்டேன் என்று அண்ணனிடம் முன்பே எச்சரித்ததாகவும் சொன்னார். நீங்கள் எங்கள் கோவிலுக்கு வராதவர், இது உங்களுக்குப் புரியாது. எனக்குப் புரிகிறது. இரண்டு ஓலை வரை ஓட்டலாம், மூன்றாவது ஓட்ட முடியாது என்று தெரிந்த ஆள்தான் இதற்கு நாள் குறித்தவர். அந்தக் கணக்கு வில்லியத்துக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இருபது வருஷமாகப் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவருக்குத் தெரியும்.

அண்ணன்தான் அவனைக் கொண்டுவந்தார், அண்ணன்தான் அனுப்பினார். நான் சிங்கப்பூரை மறுத்து எழுதும் வரைதான் மாப்பிள்ளை தேவைப்பட்டான். இவ்வளவு எனக்கே தெரிந்துவிட்டது. தெரியாதது, அந்த ஆள் யார் என்பது. அது உங்களுக்குத் தெரியும். அது இல்லாமல் சாமியார் என் பேச்சை நம்ப மாட்டார்.

தாயில்லாப் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் மாதக் கணக்கில் ஊர் ஊராகச் சுற்றுகிறீர்களே, உங்கள் வீட்டில் உலை வைப்பது யார்? அவரிடம் ஒரு நாளாவது ஏதாவது கேட்டிருக்கிறீர்களா?

நான் உங்களிடம் ஆறுதல் கேட்கவில்லை. உண்மையைக் கேட்டேன். அது என்னுடையது. அதை எனக்குத் தருவதா, அண்ணனுக்குத் தருவதா என்று யோசிக்க உங்களுக்கு உரிமை இல்லை. இருபத்தைந்து நாள் இருக்கிறது. அனுப்புங்கள்.

அமலம்மாள்


ஈப்போ
9 ஜூன் 1928

அமலம்மாள் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் கோபம் வந்தது. என் வீட்டில் உலை வைப்பது என் தங்கை ஆயிஷா, பதினோரு வருஷமாக. அவளிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

நடந்ததை ஒளிக்காமல் சொல்லுகிறேன்.

ஏழு மடிப்புக் கொசுவம் என்று நீங்கள் எழுதியதுமே எனக்குப் பொறி தட்டியது. மார்ச், ஏப்ரலில் பினாங்கில் ஒரு நாடகக் கம்பெனி கொட்டகை போட்டிருந்தது. அது இப்போது இங்கே ஈப்போவில் ஆடுகிறது. 25-ஆம் தேதி டிக்கெட் வாங்கி முன்வரிசையில் உட்கார்ந்தேன். ராணி வேஷம் மேடைக்கு வந்தது. அழகென்றால் அப்படி ஓர் அழகு. ராணி சிம்மாசனத்தில் உட்காரும்போது சேலையைப் பின்னால் ஒரு கையால் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். இடது கை விரலில் வெட்டுத் தழும்பு. உங்கள் மாப்பிள்ளை அந்தக் கம்பெனியின் ஸ்திரீபார்ட், பத்து வயதிலிருந்து பெண் வேஷம் கட்டுகிறவன். பெயர் சாரங்கபாணி.

வேஷம் கலைத்த பிறகு பேசினேன். என்னைக் கண்டதும் தப்பித்தது போல் எல்லாவற்றையும் கொட்டினான். கம்பெனியின் புது நாடகத்துக்கான உடுப்புப் பெட்டிகள் பினாங்குக் கிட்டங்கியில் ஏதோ காகிதக் குறையால் மாட்டிக்கொண்டிருந்தன. உடுப்பில்லாமல் அந்த நாடகம் இல்லை. உங்கள் அண்ணன் கிளார்க்கு, பாட்டுப் பிரியர், தினம் கொட்டகைக்கு வருகிறவர். பெட்டிகளை விடுவித்துத் தருகிறேன், பதிலுக்கு உங்கள் பையன் ஒருவன் ஆறு வாரம் என் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வரட்டும் என்று முதலாளியிடம் பேசி முடித்திருக்கிறார். ஆட்டம் இல்லாத நாட்களில் அவன் உங்கள் வீட்டில் வில்லியம்.

அவன் சொன்னதை அவன் வாயாலேயே எழுதுகிறேன்: "ஓலைன்னா என்னான்னு எனக்குத் தெரியாதுங்க. ரெண்டாவது வாட்டி பேரு வாசிச்சப்ப கோவிலே திரும்பி எங்களப் பார்த்துச்சு. அந்த அக்கா முகத்தப் பார்த்தேன். இது நாடகம் இல்லடா பாவின்னு அப்பத்தான் உறைச்சிச்சு. அவரு போன்னு சொல்றதுக்கு முன்னாலயே நான் ஓடிருப்பேன்."

மறுநாளே நான் தந்தி கொடுத்து வரவழைத்தது உங்கள் அண்ணனை. அதுதான் என் குற்றம். அவர் என் எதிரில் உட்கார்ந்து, கடைசிப் பிள்ளைக்கு அத்தைதான் அம்மா என்று அழுதார். பொம்பளை மனசு நொந்துபோகும், ரங்கூன் என்று சொல்லிவிடுங்கள் என்றார். நான் இளகினேன். திருடர்களிடம் இளகாதவன், ஓர் அண்ணனிடம் இளகினேன். ஏன் என்று இப்போது தெரிகிறது, சொல்லச் சங்கடமாக இருக்கிறது.

சாரங்கபாணி தன் கைப்பட எழுதி, கையெழுத்திட்ட வாக்குமூலம் இத்துடன் இருக்கிறது. தான் உங்கள் மதத்தவன் அல்ல, கல்யாணம் செய்யும் எண்ணம் இருந்ததில்லை, செபாஸ்டியன் சொல்லி நடித்ததுதான் என்று எழுதியிருக்கிறான். சாட்சியாக நானும் கையெழுத்திட்டிருக்கிறேன். இரண்டு பிரதி: ஒன்று சாமியாருக்கு, ஒன்று உங்களுக்கு.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நாள் இருக்கிறது, விடாதீர்கள்.

ஷேக் அலாவுதீன்


பினாங்கு
24 ஜூன் 1928

அலாவுதீன் பாய்க்கு,

கோபம் கொஞ்சம் ஆறியிருக்கிறது. முழுதாக ஆறவில்லை.

உங்கள் உறையைப் பிரித்து வாசித்தேன். ஒரு ஸ்திரீபார்ட்டுக்காக நான் இரண்டு மாதம் கண்ணாடி பார்த்திருக்கிறேன். அழுதேன். அழுது முடித்தபின் சிரிப்பு வந்தது. நன்றாகத்தான் நடித்தான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சாமியார் வாக்குமூலத்தை வாசித்துவிட்டு வெகுநேரம் தாடியைத் தடவினார். பிறகு மேட்ரனுக்குக் கடிதம் எழுதித் தருவதாகவும், விஷயத்தை வெளியே விட வேண்டாம் என்றும் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. "சாமி, என் பேரை ரெண்டு தடவ எல்லாரும் கேக்க வாசிச்சீங்க. ரத்து ஆனத மட்டும் ஏன் காதுக்குள்ள சொல்றீங்க?" என்று கேட்டேன். அவருக்கும் கோபம், எனக்கும் கோபம். கடைசியில் பதினேழாம் தேதி பூசையில் வாசித்தார்: முன்பு வாசித்த ஓலை ரத்து, மணமகன் சொன்ன பெயரும் ஊரும் பொய், மணமகள் மேல் குற்றம் ஏதுமில்லை. அதை என் மூன்றாவது ஓலையாக வைத்துக்கொண்டேன். கோவில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று நிமிர்ந்து நின்றேன். பாட்டு எடுக்க வேண்டிய அண்ணன் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார். அவர் பெயரைச் சாமியார் சொல்லவில்லை. நானும் அன்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன், "போ. நீ போயிட்டா இந்தப் பிள்ளைங்களுக்கு யாரு இருக்கா?" என்றார்.

"அப்பா இருக்காரு" என்றேன்.

அதற்கு அண்ணன் சொன்னார்: "அப்ப ரீட்டா நாளையிலேருந்து பள்ளிக்கூடம் போவ வேணாம். அவ பார்த்துக்குவா."

பாய், வில்லியம் போனபோதுகூட எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. அந்தப் பெண் அடுப்பங்கரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போய் அரிசிப் பானையைத் திறந்து அளக்க ஆரம்பித்துவிட்டாள். என்னையே பன்னிரண்டு வயதில் பார்ப்பதுபோல் இருந்தது. நான் போனால் அந்த இடம் காலியாக இருக்காது, அதில் இவளை உட்கார வைப்பார்கள் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

அரிசி அளக்கும் படியை அவள் கையிலிருந்து வாங்கி அண்ணன் கையில் கொடுத்தேன். "சாரங்கபாணி எழுதுன காகிதம் இன்னொண்ணு எங்கிட்ட இருக்கு. அதுல உங்க பேரு இருக்கு. சாமியாரு வாசிக்கலன்னா நான் வாசிப்பேன், வர்ற ஞாயித்துக்கெழம, கோவில் வாசல்ல, நீங்க பாடி முடிச்சு எறங்கி வர்றப்ப. ரீட்டா பள்ளிக்கூடத்த விட்டு ஒரு நாள் நின்னாலும் வாசிப்பேன். ஆலிஸ் எனக்கு எழுதுவா" என்றேன்.

அடிக்கக் கையை ஓங்கினார். அடிக்கவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் பக்கத்து லைன் வீட்டில் இருக்கும் வள்ளியம்மா வந்தாள். காலையும் மாலையும் வந்து சமைத்து, சின்னவனைப் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டாள். பேசி முடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஆள் வைக்கக் கால் மணி நேரம் போதும் என்றிருக்க, இதற்காக ஒரு மாப்பிள்ளையையே செய்திருக்கிறார்கள். ரீட்டா ஆலிஸ் வீட்டில் தங்கிப் படிப்பாள். அவள் துணிமணிகளை நேற்றே கொண்டுபோய் வைத்துவிட்டோம்.

ரேமண்டுக்குச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. ஐந்து வயதுப் பிள்ளை, என் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவான். அவனிடம் பொய் சொல்லவில்லை. போகிறேன், கடிதம் போடுவேன், லீவுக்கு வருவேன் என்றேன். "ஏன் போற அத்தே?" என்று கேட்டான். உன் அம்மா மாதிரி இன்னொரு அம்மா போகாமல் இருக்க என்று சொன்னேன். புரிந்ததோ இல்லையோ, தலையை ஆட்டினான். நான் மனம் கல்லாகிப் போகவில்லை, பாய். உடைந்த மனதோடுதான் போகிறேன். ஆனாலும் போகிறேன்.

மேட்ரன் தந்தி கொடுத்துவிட்டார், இடம் இருக்கிறது. நாளைக் காலை கப்பல். அண்ணன் நேற்று முதல்முறையாக என்னோடு பேசினார், வழியனுப்பத் துறைமுகத்துக்கு வருவதாகச் சொன்னார். வர வேண்டாம் என்றேன். வள்ளியம்மா ஏழரைக்குத்தான் வருவாள். அதற்குள் பிள்ளைகள் எழுந்துவிடும், நீங்கள்தான் பசியாறக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

அமலம்மாள்